பூட்டுக்கு வெளியே நிற்கும் தோழர்களுக்கு

நம் ஊர் அரசு மருத்துவமனையில் இன்று நைட் டூட்டி பார்க்கும் பயிற்சி மருத்துவர் நள்ளிரவுக்கு மேல் எங்கே போய்க் கொஞ்சம் தலை சாய்ப்பார்? அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? நகையைக் காணோம் என்று வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்ததும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகப்படுகிற வேலைக்காரப் பெண் ராத்திரி எந்த அறையில், யார் முன்னால் உட்கார்ந்திருப்பாள்? நமக்குத் தெரியாது. கூலிக்காகவும் ரேஷன் அரிசிக்காகவும் தெருத் தெருவாய்க் கணக்கெடுக்கத் தெரிந்த நாம் இந்தக் கட்டடங்களின் வாசலோடு நின்றுவிட்டோம். ஏதாவது நடந்த பிறகு கொடியோடு வந்து அதே வாசலில் கோஷம் போடுகிறோம். இனி முன்னாலேயே உள்ளே போக வேண்டும், இந்த வாரமே.

வீதியில் ஒருவன் கையைப் பிடித்தால் பெண் ஓடலாம், கத்தலாம், கல்லெடுக்கலாம். லாக்கப்பிலும் சிறையிலும் அவளால் எழுந்து போக முடியாது. பிரசவ வார்டிலும், மயக்க மருந்தின் பிடியிலும், மனநலக் காப்பகத்திலும் முடியாது. மறுநாள் காலைவரை டூட்டி சார்ட்டில் பெயர் எழுதப்பட்ட செவிலியராலும் முடியாது. கை வைக்கிறவன் வெளியாளும் இல்லை. சாவியோ சீருடையோ கேஸ் ஷீட்டோ அவனிடம் இருக்கிறது. பார்த்த சாட்சி அவனோடு வேலை செய்கிறவர், தடயம் இருப்பது அவன் அலுவலகத்து அலமாரியில். இப்படிப்பட்ட குற்றத்தை வழக்கமான வழிகளில் தடுத்துவிட முடியாது என்பது நாடு நன்றாக அறிந்த விஷயம். அது எப்படித் தெரிந்தது என்பதை இளம் தோழர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

1972 மார்ச் மாதம். மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். குடும்பப் புகார் ஒன்றுக்காக வந்த ஆதிவாசிச் சிறுமியை, உறவினர்கள் வெளியே காத்திருக்க, உள்ளே நிறுத்திவைத்தார்கள் போலீஸ்காரர்கள். அவள் பெயரால் மதுரா வன்புணர்வு வழக்கு என்று வரலாற்றில் நின்றுவிட்ட வழக்கு அது. உயர் நீதிமன்றம் தண்டித்த இரு போலீஸ்காரர்களையும் 1978-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லையாம், அவள் எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லையாம். பூட்டிய ஸ்டேஷனுக்குள் சீருடைக்கு எதிரே ஒரு சிறுமி எப்படிப் போராடியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கிளர்ச்சியின் பலன்தான் 1983-ன் சட்டத் திருத்தம். காவல் நிலையம், சிறை, காப்பகம், மருத்துவமனை ஆகிய இடங்களில் பொறுப்பில் இருப்பவர் செய்யும் வன்புணர்வு தனிக் குற்றமானது. உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. இன்று அது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 120-ஆம் பிரிவு. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 64(2) குறைந்தது பத்து ஆண்டுச் சிறை என்கிறது. சிறை அதிகாரியோ மருத்துவமனை ஊழியரோ தன் பதவியைப் பயன்படுத்தி இணங்க வைத்திருந்தால்கூட 68-ஆம் பிரிவின்படி குறைந்தது ஐந்து ஆண்டு. எழுத்தில் எல்லாம் இருக்கிறது, தோழர்களே.

எழுத்தில் இருப்பது நடைமுறைக்கு வர என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் வாச்சாத்தி நமக்குக் காட்டியது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். ஆலமரத்தடியில் ஊரை உட்காரவைத்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் இழுத்துப் போய்ச் சீரழித்தார்கள். அதன் பிறகு நடந்ததைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களை அப்படியே அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இரவு முழுக்க வைத்திருந்தார்கள். பிறகு ரிமாண்ட். பிறகு சேலம் சிறை. சீரழிக்கப்பட்டவள் கைதியானாள், சீரழித்தவன் சாட்சியானான். நடுவில் எத்தனை மேசைகள்! ரேஞ்சர், ஸ்டேஷன், மாஜிஸ்திரேட், சிறை அலுவலகம். ஒரு மேசையிலாவது ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருந்தால் போதுமே.

கேட்டவர்கள் வெளியே இருந்து வந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள், மாதர் சங்கத் தோழியர், செங்கொடிக்காரர்கள். மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் தோழர் அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 17 பேர் மீது வன்புணர்வுக் குற்றம் நிரூபணமானது. 2023-ல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தனை மேல்முறையீடுகளையும் தள்ளியது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றது. முப்பத்தோரு ஆண்டு. அந்தப் பெண்களில் ஒருத்தரும் பிறழ்சாட்சியாகவில்லை என்று சொல்லிச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். பெருமைதான். ஆனால் இன்னொரு தலைமுறையை முப்பத்தோரு ஆண்டு காக்கவைக்க நமக்கு உரிமை இல்லை. வாச்சாத்தி வீரத்தைப் பேசிக் கைதட்டு வாங்குகிற மேடைகளில் நான் இப்போதெல்லாம் கொஞ்சம் சங்கடத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது ஆண்டை முப்பது மணி நேரமாகக் குறைக்கக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். மருத்துவர். சிறையையும் மருத்துவமனையையும் ஒரே மூச்சில் நான் பேசுவது இதனால்தான். கைதான ஒவ்வொருவரையும் உடனே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. பெண்ணானால் பெண் மருத்துவர், அல்லது அவர் மேற்பார்வையில். காயம் என்ன, ஏறக்குறைய எப்போது ஏற்பட்டது என்று எழுத வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும். நடப்பது என்ன? கேஷுவாலிட்டியில் கூட்டம் நெரியும். போலீஸ்காரர் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பார். டூட்டி டாக்டர் தலையை நிமிர்த்தாமல், 'வெளிக்காயம் ஏதுமில்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் வழக்கு நடத்துவான் எதிர்த்தரப்பு வக்கீல்.

சத்தீஸ்கரின் ஆதிவாசி ஆசிரியை சோனி சோரி 2011 அக்டோபரில் தந்தேவாடா காவலில் பாலியல் சித்திரவதைக்கு உள்ளானதாகச் சொன்னார். உள்ளூர் மருத்துவமனைத் தாள்களில் அது ஏறவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் கொல்கத்தாவின் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பரிசோதித்தபோது அவர் உடம்புக்குள்ளிருந்து கற்களை எடுத்தார்கள். எடுத்ததை எழுதினார்கள். அவர் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிய காவல் கண்காணிப்பாளருக்கு 2012 குடியரசு தினத்தில் வீரப் பதக்கம் கொடுத்தது அரசு. அது வேறு வெட்கக்கேடு. நான் சொல்ல வருவது அந்தக் கொல்கத்தா மருத்துவர்களைப் பற்றி. அதே உடம்பு, அதே காயம். ஒரு மாநிலத்தின் தாளில் இல்லாதது இன்னொரு மாநிலத்தின் தாளில் வந்தது. மருத்துவத் தோழர்களே, செவிலியர் தோழியரே, போலீஸ் காவலில் ஒரு பெண் உங்கள் மேசைக்கு வந்தால் முதலில் எஸ்கார்ட்டைத் திரைக்கு வெளியே நிறுத்துங்கள். அவளைத் தனியாகக் கேளுங்கள். பேனாவைத் திறப்பது அதற்கப்புறம் இருக்கட்டும். இரு விரல் சோதனை கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லியாகிவிட்டது. இன்னும் யாராவது செய்தால் அதைத் தடுக்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்.

மருத்துவமனைக்குள் வேலை செய்யும் பெண்ணின் கதி என்ன? 1973 நவம்பர் 27, மும்பை கே.இ.எம். மருத்துவமனை. டூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் கழுத்தை நாய்ச் சங்கிலியால் நெரித்தான் அங்கேயே வேலை பார்த்த ஊழியன். வழக்கு கொள்ளை, கொலை முயற்சி என்ற அளவில் நின்றது. பாலியல் வன்முறை குற்றப்பட்டியலிலேயே ஏறவில்லை. அவன் ஏழாண்டில் வெளியே போனான். அவர் 2015 மே மாதம் இறக்கும்வரை நாற்பத்தொரு ஆண்டுக்கு மேல் அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். தலைமுறை தலைமுறையாகச் செவிலியர்கள் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை. நீண்ட டூட்டிக்கு இடையில் செமினார் அறையில் படுத்திருந்த 31 வயது முதுநிலைப் பயிற்சி மருத்துவர் சீரழித்துக் கொல்லப்பட்டார். தண்டனை பெற்றவன் காவல்துறையோடு ஒட்டிக்கொண்டு வளைய வந்த சிவிக் வாலண்டியர். அங்கே உடை மாற்ற அறை இல்லை, இங்கே உறங்க அறை இல்லை. இடையில் ஏறக்குறைய ஐம்பத்தோரு ஆண்டு ஓடியிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த மாநில அரசு செய்ததைக் கவனியுங்கள். முடிந்தவரை பெண்களை நைட் டூட்டிக்குப் போடாதீர்கள் என்றது. உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே அது பின்வாங்கியது. இதற்கிடையே தூக்குத் தண்டனை மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. ஒரு கையால் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது, இன்னொரு கையால் தூக்குக் கயிற்றைக் காட்டுவது. தாழ்ப்பாள் உள்ள ஓர் ஓய்வறை கட்டுவதைவிட இரண்டுமே மலிவு. தோழர்களில் சிலருக்கே தூக்கு என்றால் கை தானாக உயர்கிறது. கொஞ்சம் நிதானியுங்கள். காவலில் நடக்கும் குற்றத்தில் தண்டனை போதாததால் யாரும் தப்பியதில்லை. எஃப்.ஐ.ஆர். போடாததால் தப்பினார்கள், மருத்துவர் எழுதாததால் தப்பினார்கள், கேமரா 'ரிப்பேர்' ஆனதால் தப்பினார்கள். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் வன்புணர்வுக் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது பூத்தூவினார்களே, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்று 2022-ல் சிர்புர்கர் ஆணையம் சொன்னதே, அந்தத் துப்பாக்கிக்குக் கணக்குக் கேட்காதவர்கள் நாளை அதே ஸ்டேஷனின் லாக்கப்புக்கு எப்படிக் கணக்குக் கேட்பார்கள்?

இன்னொரு மயக்கமும் உண்டு. பெண் காவலரைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பது. பெண் கைதிகளுக்குத் தனி லாக்கப், பெண் காவலர், பெண் போலீஸ் முன்னிலையில்தான் விசாரணை என்று ஷீலா பார்சே வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பம்பாய்ச் சிறையில் பெண் கைதிகளைச் சந்தித்துப் பேசிய ஒரு பத்திரிகையாளரின் கடிதத்தால் கிடைத்த தீர்ப்பு அது. வேண்டும்தான், விடவே கூடாது. ஆனால் 2017 ஜூனில் மும்பை பைகுல்லா பெண்கள் சிறையில் ஓர் ஆயுள் கைதி, காலை உணவில் முட்டையும் பாவ் ரொட்டியும் குறைகிறதே என்று கேட்டதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். பாலியல் சித்திரவதையும் நடந்தது என்று கூட இருந்த கைதிகள் சொன்னார்கள். கைதான சிறை ஊழியர்கள் அத்தனை பேரும் பெண்கள். சாட்சி சொன்ன கைதிகள் மீது கலவர வழக்கு. புடவை கட்டியிருந்தாலும் சாவி சாவிதான். திருநங்கையர் நிலை இதைவிடக் கொடுமை. 2019-ன் திருநர் சட்டத்தில் அவர்கள் மீதான பாலியல் வன்முறைக்கு உச்சத் தண்டனையே இரண்டு ஆண்டுதான். எந்தப் பிரிவில் அடைப்பது என்று தெரியாமல் அவர்களை ஆண்கள் பக்கம் தள்ளிவிடுகிற சிறையில் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

சரி, என்ன செய்யப் போகிறோம்?

மருத்துவமனைத் தோழர்களிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாம் ஏற்கெனவே உள்ளே இருப்பது அங்கேதான். 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் மருத்துவமனையும் பணியிடம் என்று எழுதியிருக்கிறது. புகார் கொடுக்கும் பெண் அங்கே வேலை செய்கிறவராக இருக்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறது. நோயாளியும் கொடுக்கலாம், நோயாளிக்குத் துணையாக வந்த தங்கையும் கொடுக்கலாம். இது எத்தனை வார்டு சிஸ்டர்களுக்குத் தெரியும்? இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று போர்டு வைத்தாக வேண்டும். குழுவே அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். தூய்மைப் பணியாளர் தோழியரே, காண்ட்ராக்ட் என்பதால் வாய் திறக்க முடியாது என்று நினைக்காதீர்கள், அந்தச் சட்டம் உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இருட்டான வராந்தா எது, தாழ்ப்பாள் இல்லாத அறை எது, எந்த ஆளிடம் எந்தப் பெண்ணும் தனியாகப் போக மாட்டாள் என்பதெல்லாம் டீன் அறையைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைப் பட்டியலாக்கிச் சங்கத்தின் பெயரில் கொடுப்போம்.

இங்கே ஒரு கசப்பான விஷயம். குற்றம் சாட்டப்பட்டவன் நம் சங்கத்து உறுப்பினனாக இருந்தால்? சந்தா கட்டுகிறவன், மாநாட்டுக்கு ஆள் திரட்டுகிறவன், 'நல்ல தோழர்'? அப்போது 'நிர்வாகத்தின் பழிவாங்கல்' என்று போஸ்டர் அடிக்க நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். அடிக்கக் கூடாது. விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும், வக்கீல் செலவைச் சங்கம் ஏற்கக் கூடாது, சமரசம் பேச ஒருவரும் அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. இதை முன்கூட்டியே தீர்மானமாக எழுதிக்கொள்ளாத கிளை, நேரம் வரும்போது வழுக்கிவிடும்.

வழக்கறிஞர் தோழர்களுக்கு வேலை அதிகம். பெண்ணுக்கும் காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அது கோர்ட்டில் வாய்தா வாங்குவதோடு முடிந்துபோகக் கூடாது. சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். அந்தத் தாளைக் கேளுங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது, போலீஸ் தள்ளி நிற்க, அவளோடு இரண்டு நிமிஷம் பேசுங்கள். அவள் சொன்னதை மாஜிஸ்திரேட் பதிவு செய்யும்வரை நகராதீர்கள். காவலில் வன்புணர்வு என்று புகார் எழுந்தால் போலீஸ் விசாரணை தவிர நீதித்துறை நடுவரின் விசாரணையும் கட்டாயம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு. வழக்குத் தொடர அரசு முன் அனுமதி வேண்டுமே என்று யாராவது இழுத்தால், பாலியல் குற்றத்துக்கு அது தேவையில்லை என்று அதே சட்டத்தின் 218-ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவைப் பதினெட்டு மாதம், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல், வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் மனுவை முதல் நாளே போட வேண்டும். இரண்டாம் வாரம் போனால் 'ஹார்ட் டிஸ்க் போச்சு' என்பார்கள்.

மாதர் சங்கத் தோழியர் சிறைக்குப் போக வேண்டும். புழலிலும் வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் கோவையிலும் பெண்கள் தனிச்சிறை இருக்கிறது. மனு பார்க்க யாருமே வராத பெண்கள் அங்கே உண்டு. கணவனும் தள்ளிவைத்து, பிறந்த வீடும் தலைமுழுகியவர்கள். யாரும் வராதவள் யார் என்பது உள்ளே எல்லாருக்கும் தெரியும். கை நீளுவது அவளை நோக்கித்தான். அலுவல்சாராப் பார்வையாளர் பொறுப்புக்கு நம் தோழியரின் பெயர்களை அனுப்புங்கள். நிராகரித்தால் காரணம் கேட்டு எழுதுங்கள். யாரோ ஒருத்தர் வந்து கேட்பார் என்ற பயம் ஜெயிலருக்கும் வார்டனுக்கும் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

இளைஞர் தோழர்களே, செல்போனோடு முதலில் வந்து சேர்கிறவர்கள் நீங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர், முகம், தெரு, கல்லூரி எதுவும் உங்கள் பதிவில் வரக் கூடாது. 'நீதி கேட்டு' என்று போட்டாலும் குற்றம் குற்றம்தான். அவளைக் கேட்காமல் அவளுக்காக எந்தப் போராட்டத்தையும் அறிவிக்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் துணைக்கு ஒருத்தர், கோர்ட்டுக்கு வண்டி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு. வாச்சாத்திப் பெண்களை முப்பது ஆண்டு நிற்கவைத்தது முழக்கத்தோடு கூட இந்தச் சில்லறை வேலைகளும்தான்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய், உள்ளகக் குழு போர்டைப் படம் எடுங்கள். போர்டு இல்லையென்றால் பத்து ரூபாய் முத்திரையோடு ஆர்.டி.ஐ. மனு போட்டு, அதன் நகலைக் கொண்டுவாருங்கள். நைட் டூட்டிப் பெண்களின் ஓய்வறை எந்த மாடியில், தாழ்ப்பாள் உண்டா என்று பார்த்து எழுதுங்கள். ஸ்டேஷனில் பெண் காவலர் இரவில் இருக்கிறாரா என்று தோழியர் இருவராகப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், போகும் முன் வழக்கறிஞர் தோழருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண்ணையும் மகளிர் உதவி எண் 181-ஐயும் பிரசவ வார்டுச் சுவரிலும் கோர்ட் வாசலிலும் ஒட்டுங்கள். கிழித்தால் மறுநாள் மறுபடி ஒட்டுங்கள்.